ஜமீனுக்கு எண்ணெய் வைத்த சனிக்கிழமை

தாழ்ப்பாளைப் போட்டாயிற்று. இனி அரை மணி நேரத்துக்கு யார் வந்து தட்டினாலும் தமயந்தி திறக்கப்போவதில்லை. கீசர் தண்ணீர் சுவரில் பட்டு வழிந்து, குளியலறை முழுக்க ஆவி கட்டிக்கொண்டிருந்தது. சித்திரை மாதத்துத் திருச்சியில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு, வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். சிரிக்கட்டும், இந்த வீட்டில் சிரிக்கிறதற்கு என்றைக்குப் பஞ்சம் வந்தது. கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் நைட்டியை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே, தண்ணீர் நேராகத் தெறிக்காத மூலையில், தொட்டியோடு தூக்கிவந்து வைத்த செம்பருத்தி. அதன் நடுக்கிளையைப் பிடித்துக்கொண்டு ஜமீன். ஐந்து மாதக் குட்டிப் பச்சோந்தி. நம் ஊர் வேலியில் திரிகிற சாதி இல்லை, எங்கோ பாலைவன நாட்டு வம்சம், இங்கேயே கூண்டில் பொரித்தது. ரத்தப் பரிசோதனை லேபில் கூட வேலை பார்த்த ஃப்ரீடா துபாய் போகும்போது உரிய பேப்பரோடு இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். தலையில் தலைப்பாகை வைத்தாற்போல ஒரு கொண்டை, ஒரு அடி முன்னே வைத்துவிட்டு யோசித்து அரை அடி பின்னே வாங்குகிற நடை, அதனால் ஜமீன். இப்போது அந்தத் தலைப்பாகையில்தான் வினை. உடம்புத் தோல், கால் தோல், வால் தோல் எல்லாம் ஒழுங்காக உரிந்து விழுந்துவிட்டது. தலையில் மட்டும் பழைய தோல், போன வருஷத்து யூனிஃபார்முக்குள் கழுத்து மாட்டிக்கொண்ட பிள்ளை போல, வெளுத்து இறுகி நிற்கிறது. வலது கண் வீங்கி மூடிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமையிலிருந்து மூடி, இல்லை, சனிக்கிழமையிலிருந்து. சனிக்கிழமையிலிருந்துதான். எண்ணெய் வைத்தது சனிக்கிழமை, கண் மூடியது சனிக்கிழமை, வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும்.

நேற்றுச் சாயங்காலம் சென்னை டாக்டர் வீடியோ காலில் பார்த்தார். பல்லி, ஆமை, கிளி வைத்தியம் தெரிந்தவர் திருச்சியில் கிடையாது, மாட்டு ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நின்ற எருமைகூடத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் செல்போனை ஜமீனின் முகத்துக்குக் கிட்டே கொண்டு போகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "கண்ணைச் சுத்தித் தோல் இறுகிக் கிடக்குங்க. ஆவி பிடிங்க. காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி. தானா உரியணும், யாரும் கையை வைக்கக் கூடாது. திங்கட்கிழமை காலைக்குள்ள கண்ணு திறக்கலைன்னா உடனே இங்க கிளம்பி வந்துடுங்க. அதுக்கு மேல தள்ளிப்போட்டா அந்தக் கண்ணைக் காப்பாத்த முடியாது" என்றார். கண் போய்விட்டால் இதற்கு என்ன இருக்கிறது? ஒரு கண்ணால் பூச்சியைப் பார்த்து, இன்னொரு கண்ணையும் திருப்பித் தூரத்தை அளந்து, அதற்குப் பிறகுதான் நாக்கை நீட்டும். ஒற்றைக் கண்ணோடு நீட்டினால் நாக்கு காற்றைத்தான் நக்கும். வெள்ளியும் சனியும் இரண்டு நாளாக அப்படித்தான் நக்கிக்கொண்டிருந்தது. சனி மட்டும். டாக்டர் அப்புறம் கேட்டார், "ஏற்கெனவே யாராவது கையை வெச்சீங்களா?" தமயந்தி வாயைத் திறப்பதற்குள் பாஸ்கர் முந்திக்கொண்டான். "எங்க அக்கா தலைக்கு எண்ணெய் தடவிட்டாங்க டாக்டர். தேங்காய் எண்ணெய்." டாக்டர் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தார். "எண்ணெயா? கண்ணுல பட்டுச்சா?" பட்டிருக்கும் என்று தமயந்தியின் வாய் சொன்னது. அவள் சொல்லவில்லை, வாய் சொன்னது. பாஸ்கர் அதைக் கேட்டவுடனே எழுந்து, பக்கத்து அறையில் போய் அக்காவுக்குப் போன் போட்டான். அவன் போன பிறகு டாக்டர் தனக்குள் பேசுகிற மாதிரி, "எண்ணெய்க்கு ஒரு பக்கம் மட்டும் இப்படி வீங்காதே" என்றார். அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். அவள் தாங்க்யூ டாக்டர் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள், பக்கத்து அறையிலிருந்து வந்த சத்தம் அவ்வளவு இனிப்பாக இருந்தது.

ஒன்பது வருஷம். ஒன்பது வருஷத்தில் பாஸ்கர் தன் அக்கா கனகவல்லியிடம் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை. கீழ் வீட்டில் இருக்கிறாள், மேல் வீட்டுச் சாவி ஒன்று அவள் இடுப்பிலேயே தொங்கும், நினைத்தால் வருவாள், ஃபிரிட்ஜைத் திறப்பாள், துவைத்த துணியை மடித்து வைப்பாள், மடித்த துணியைப் பிரித்து வேறு மாதிரி மடித்து வைப்பாள், அக்கா பாவம் நல்லதுக்குத்தான் செய்யறா என்பான். நேற்றுக் கத்தினான். "உன்னை யாருக்கா அங்க போகச் சொன்னது? அது என்ன உன் மடியில உக்கார வெச்சு எண்ணெய் தேய்க்கிற குழந்தையா? சாவியைக் கொண்டுவந்து குடுத்துடு நீ!" அந்தப் பக்கம் கனகவல்லி அழுதது இங்கே வரைக்கும் கேட்டது. "சனிக்கிழமை ஆச்சேடா. ஆம்பளைப் பிள்ளைன்னு தமயந்தி சொல்லியிருக்கா. தலையெல்லாம் பொடுகு மாதிரி செதில் செதிலா நின்னுச்சு, பாக்கப் பாவமா இருந்துச்சு. லேசாச் சூடு பண்ணி ரெண்டே சொட்டு, உச்சந்தலையில மட்டும்டா. ஒரு கண்ணை மூடிக்கிட்டுச் சொகமாத்தானே இருந்துச்சு." ஓணானுக்குக்கூட வெள்ளிக்கிழமை வைக்கக் கூடாது, ஆணாயிற்றே, சனிக்கிழமைவரை காத்திருந்து வைத்திருக்கிறாள் புண்ணியவதி. வேறு நாட்டுக்காரன் கேட்டால் நம்பவே மாட்டான். அந்தக் கிண்ணம் இன்னும் கூண்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கழுவவேண்டாம் என்று தமயந்திதான் அங்கேயே விட்டு வைத்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

"தமயந்தி... ஏதாவது உரிஞ்சுச்சாம்மா?" என்று கதவுக்கு வெளியே கேட்டது. கனகவல்லி ஒன்பது மணிக்கே வந்து கூடத்துச் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். பாஸ்கர் அவள் முகத்தைப் பார்க்காமலே, நாளைக்குச் சென்னை போக வேண்டியிருந்தால் என்று வண்டிக்குப் பெட்ரோல் போடக் கிளம்பிப் போய்விட்டான். தமயந்தி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும். ஆவி இப்போது கண்ணாடியை மூடி, பிரஷ் ஸ்டாண்டை மூடி, ஜமீனின் முதுகில் சின்னச் சின்னத் துளியாக நின்றது. நிறம் இன்னும் தெளியவில்லை. சந்தோஷமாக இருந்தால் வாழைக்குருத்துப் பச்சை, பயந்தால் கரும்பழுப்பு, இரண்டு நாளாகப் பழுப்புத்தான். இதற்கு மனசில் என்ன இருந்தாலும் மேலே தெரிந்துவிடுகிறது. அவளுடையது ஒன்பது வருஷமாக ஒருத்தருக்கும் தெரிந்ததில்லை. காபி கொடுத்தாள், பலகாரம் சுட்டாள், அண்ணி அண்ணி என்று கூப்பிட்டாள், உள்ளே கரும்பழுப்பு. கல்யாணமான இரண்டாவது வெள்ளிக்கிழமை. புதுப்பெண்ணுக்கு எண்ணெய் தேய்க்கிறேன் என்று கூடத்து நடுவில் பலகையைப் போட்டு உட்கார வைத்தாள் கனகவல்லி. லால்குடியிலிருந்து வந்திருந்த பெரியம்மாக்கள், அத்தைகள், ஒரு பத்துப் பேர். உச்சியில் எண்ணெயை வைத்து, சீப்பால் வகிட்டைப் பிளந்து, தலையைக் கீழே அழுத்தி எல்லோருக்கும் காட்டினாள். "என்னடி இது, வகிடு காவேரி மாதிரி அகலமா ஓடுது! பொண்ணு பாக்க வந்தப்போ பூவை வெச்சே மறைச்சிட்டாங்களா உங்க வீட்டுல?" பத்துப் பேரும் சிரித்தார்கள். நிலைப்படியில் பாஸ்கர் நின்றுகொண்டிருந்தான். அவனும் சிரித்தான், சத்தமில்லாமல், பல் மட்டும். அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை, அந்தப் பல். எண்ணெயும் சீயக்காயும் கண்ணில் இறங்கி எரிந்தது, தலையை நிமிர்த்த விடவில்லை, "இரு, இரு, இன்னும் அழுக்குப் போகலை" என்று ஒரு கை பிடரியில். மூன்று நாள் வலது கண் சிவந்து தண்ணீர் கொட்டியது, அந்தக் கண்ணோடுதான் லேபுக்குப் போய் ரத்தம் எடுத்தாள், ஒருத்தருக்கும் இரண்டாவது குத்து குத்தவில்லை. கண்ணில்லாமல் எடுத்தாலும் நரம்பு அவள் கைக்குத் தெரியும். அந்த வாரத்திலிருந்து குளிக்கிற ஒவ்வொரு தடவையும் ஜலதாரையில் அடைத்து நிற்கிற முடியை எடுத்து எண்ணிப் பார்க்கிற வழக்கம் வந்தது. இப்போதும், இந்த ஆவிக்குள்ளும், கண் தானாகவே ஜலதாரைப் பக்கம் போகிறது. நாலு முடி. ஐந்து.

இதைத் திருப்பிக் கொடுக்காமல் விடுவதில்லை. சத்தம் போட்டு அல்ல, கத்திவிட்டால் பாவம் கனகவல்லி என்று ஆகிவிடும், அந்தக் காரியத்தைப் பாஸ்கர் பார்த்துக்கொள்வான். அவள் கொடுத்த மாதிரியே கொடுக்க வேண்டும், பத்துப் பேர் நடுவில், சிரித்த முகமாக. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கனகவல்லியின் மகள் ஷர்மிளாவைப் பெண் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து வருகிறார்கள். தமயந்திதான் கேசரி கிளறப் போகிறாள், தட்டை நீட்டப் போகிறாள். மாப்பிள்ளையின் அம்மா கட்டாயம் கேட்பாள், மாடியில ஏதோ பச்சோந்தி வளக்குறீங்களாமே என்று. அதற்கென்றே காத்திருந்து, "ஆமாங்க, பாவம் அதுக்கு ஒரு கண்ணு இல்ல. எங்க அண்ணிதான் ஆசையா எண்ணெய் தேச்சு விட்டாங்க" என்று சிரிக்க வேண்டும். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். சிரிப்பார்கள். பத்துப் பேரும் சிரிப்பார்கள். கனகவல்லி தலை குனிவாள், அந்தப் பிடரியை யாரும் அழுத்தத் தேவையில்லை, தானாகக் குனியும். அப்புறம் ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு காது குத்திலும் சொல்லலாம், கண்ணைக் குருடாக்கின கை என்று. ஒற்றைக் கண்ணோடு ஜமீன் எத்தனை வருஷம் உயிரோடு இருக்குமோ அத்தனை வருஷம். அதற்குக் கண் திறக்கக் கூடாது, என்று ஒரு நினைப்பு ஓடி முடிவதற்குள் தமயந்தி பதறிப்போய்ப் பக்கெட்டை விட்டு எழுந்தாள். என்ன நினைப்பு இது, சீ. அந்தக் குட்டிக் கண்ணை வைத்தா? கால் வழுக்கியது, குழாயைப் பிடித்துக்கொண்டாள், குழாய் சுட்டது. ஜமீன் அசையவில்லை. இடது கண் மட்டும் உருண்டு அவள் பக்கம் வந்து, நின்று, திரும்பிச் சுவருக்குப் போனது. அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். திறக்கட்டும். கண் திறந்தாலும் கதை சொல்லலாம், போக இருந்த கண்ணு என்று சொல்லலாம், அதிலும் பாதி இருக்கிறது.

"ஆவி ரொம்ப சூடா இருக்கப் போவுது, கொஞ்சம் பாத்தும்மா" என்றது கதவு. இவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். ரத்தம் எடுக்கிறவளுக்கு, மூன்று வயசுக் குழந்தையின் நூல் நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடிக்கிறவளுக்கு. லேபில் எல்லாரும் தோற்றுப்போன கையை அவளிடம்தான் நீட்டுவார்கள். தமயந்தி அக்காவைக் கூப்பிடு என்பார்கள். அந்தக் கைதான், வியாழக்கிழமை. வியாழக்கிழமை வேண்டாம். சனிக்கிழமையை நினை, கிண்ணத்தை நினை, வெதுவெதுப்பான எண்ணெயை நினை. ஆனால் நினைப்பு, முள்ளில் மாட்டின முந்தானை மாதிரி, வியாழக்கிழமையிலேயே போய் நின்றது. வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது ஜமீனின் வலது கண்ணுக்கு மேலே ஒரு துண்டுத் தோல் பாதி கிளம்பித் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் வந்துவிடும் போல. ஃப்ரீடா கிளம்பும்போது சொல்லியிருந்தாள், தலைத் தோல் கடைசியாத்தான் உரியும்டி, அவசரப்பட்டு இழுத்துடாத. தெரியும். தெரிந்தும், புருவம் எடுக்கிற ட்வீசரை ஸ்பிரிட்டில் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் இழுக்கக் கூடாது, சரி. நான் இழுக்கலாம், என் கை தப்பாது. இழுத்தாள். சுலபமாக வந்தது, வந்துகொண்டே இருந்தது, கண் ஓரத்தில் நின்றது. அங்கே விட்டிருக்க வேண்டும். இன்னும் ஒரு இழுப்பு. ஜமீன் வாயைத் திறந்து சீறியது, ஒரு நிமிஷத்தில் உடம்பு முழுக்கக் கறுத்தது, ட்வீசர் நுனியில் தோலோடு ஒரு பொட்டு ரத்தம். ரத்தம் அவளுக்குப் புதுசா என்ன. பஞ்சால் ஒற்றினாள், ட்வீசரைக் கழுவினாள், ஒருத்தருக்கும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை லேபுக்குக் கிளம்பும்போது பார்த்தால் கண் பாதி மூடியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுக்க மூடிவிட்டது, கூண்டை எட்டிக்கூடப் பார்க்காத பாஸ்கருக்கு அது தெரியாது. சனிக்கிழமை அவள் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தாள், பாஸ்கரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று லேபில் நின்றே யோசித்தாள், வீட்டுக்கு வந்து பார்த்தால் ஜமீனின் தலை பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது, பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். அந்த நிமிஷம் அவளுக்குள் எழுந்தது கோபம்கூட இல்லை. சந்தோஷம். கோயிலில் கேட்டது வீடு தேடி வந்து கிடைத்தாற்போல. ஏங்க, இங்க வந்து பாருங்களேன் என்று அவள் பாஸ்கரைக் கூப்பிட்ட குரல் அவளுக்கே புதுசாக இருந்தது.

செடி அசைந்தது. ஜமீன் கிளையில் தலையை வைத்துத் தேய்த்தது. ஒரு தடவை, நிறுத்தி, யோசித்து, இன்னொரு தடவை. தமயந்தி மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கையை நம்ப முடியாது. ஈரத்தில் ஊறிய தோல், கொண்டை உச்சியில் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. ஜமீன் கிளையை மாற்றிப் பிடித்து, கன்னத்தைத் தேய்த்து, வாயை அகலமாகத் திறந்து மூடியது. உச்சியிலிருந்து நெற்றிவரை ஒரே துண்டாக, தொப்பியைக் கழற்றுகிற மாதிரி, பழைய தோல் கழன்று இலை மேல் விழுந்தது. உள்ளே இருந்த தலை வாழைக்குருத்துப் பச்சை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள், ஆவியில் முகம் ஏற்கெனவே நனைந்துதான் இருந்தது. பொழைச்சுக்கிட்டேடா, ராஜா, ஜமீனு என்று சொல்லிக்கொண்டே தண்ணீரை நிறுத்திவிட்டுக் கிட்டே குனிந்தாள். வலது கண்ணைச் சுற்றியிருந்த வெள்ளை வளையமும் இளகி விட்டிருந்தது. வீக்கம் பாதியாகத் தெரிந்தது. இமை துடித்தது. கண்ணின் ஓரத்தில், புதுத் தோலில், இத்தனை நாள் வீக்கமும் மிச்சத் தோலும் மூடி வைத்திருந்தது வெளியே வந்திருந்தது. நேராக, சின்னதாக, சிவப்பாக, ஒரு கீறல். எண்ணெய் கீறாது. யார் பார்த்தாலும் தெரியும், எண்ணெய் கீறாது.

தண்ணீர் நின்றதும் கதவில் விரல் தட்டியது. "முடிஞ்சுதாம்மா? ஒரே ஒரு தடவை காட்டேன். பாத்துட்டுப் போயிடறேன். தம்பி வர்றதுக்குள்ள போயிடறேன்." திறக்காமல் இருந்திருக்கலாம். இன்னும் ஆவி பிடிக்கணும் அண்ணி, நீங்க போங்க என்றிருக்கலாம். ஆனால் தமயந்திக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது, அழுது வீங்கிய அந்த முகத்தை, அதற்காகத்தானே ஒன்பது வருஷம். தாழ்ப்பாளைத் திறந்தாள். ஆவி அவளை முந்திக்கொண்டு வெளியே போனது. கனகவல்லி கையில் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடியை வாரக்கூட இல்லை. முன்னந்தலையில் வகிடு அகலமாக, வெள்ளையாகத் தெரிந்தது, தமயந்தியுடையதைவிட அகலம். இது எப்போதிலிருந்து? செருப்பைக் கழற்றுகிற மாதிரி வாசலிலேயே நின்று, உள்ளே வரலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். இந்த வீட்டில் அவள் அப்படிக் கேட்டதே கிடையாது. செடிக்கு முன்னால் குனிந்து, கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "உரிஞ்சுடுச்சே! ஐயோ, நல்லபடியா உரிஞ்சுடுச்சே, தமயந்தி!" என்று சிரித்தாள், அழுதாள். பிறகு சிரிப்பு நின்றது. "இது என்னம்மா, கண்ணோரத்துல கீறல் மாதிரி?"

சொல்லிவிடலாம். நான்தான் அண்ணி, வியாழக்கிழமை, ட்வீசரால். நாலே சொல். நாக்கு நுனிவரை வந்தது. கூடவே ஒரு கை பிடரிக்கு வந்தது, இரு, இரு, இன்னும் அழுக்குப் போகலை என்றது, நிலைப்படியில் பல் தெரிந்தது. "உங்க நகம் பட்டிருக்கு அண்ணி" என்றாள் தமயந்தி. நிதானமாக, அன்பாகக்கூட, வலிக்காதுங்க என்று சொல்லிவிட்டு ஊசியைப் போடுகிற அந்தக் குரலில்.

கனகவல்லி நிமிர்ந்தாள். தன் வலது கையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கட்டை விரல், ஆள்காட்டி விரல். தமயந்தியும் பார்த்தாள். பத்துப் பாத்திரம் தேய்க்கிற கை, நகமெல்லாம் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தது, ஒரு நூலைக்கூடக் கீற முடியாது. "எண்ணெய் வைக்கிறதுக்கு முன்னாடி வெட்டிட்டுத்தான் வெச்சேன்" என்றாள் கனகவல்லி மெதுவாக. தனக்குத்தானே யோசித்தாள். "இருந்தாலும் பட்டிருக்கும். வயசாகுது, கை முன்ன மாதிரி நிக்கறதில்ல." அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். சாவியை வாஷிங் மெஷின் மேல் வைத்தாள், சத்தம் வராமல் வைத்தாள். "அடுத்த வாரம் அவங்க வர்றப்போ இதைப் பத்தி ஒண்ணும் சொல்லிடாதம்மா. ஷர்மிளாவுக்காகக் கேக்கறேன்." போய்விட்டாள். படியில் இறங்குகிற சத்தம் நின்று நின்று கேட்டது.

கிடைத்துவிட்டது. கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது, பத்துப் பேர்கூடத் தேவைப்படவில்லை. இனித்தது, இல்லை என்று சொன்னால் பொய். தமயந்தி சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பக்கெட்டில் உட்கார்ந்தாள். சாவியில் இன்னும் கனகவல்லியின் கைச்சூடு இருந்தது. செம்பருத்தியில் ஜமீன் ஒரு அடி முன்னே வைத்து அரை அடி பின்னே வாங்கியது. வலது இமை துடித்து, நடுவில் குண்டூசி முனை அளவு ஒரு கறுப்புத் தெரிந்து, பிறகு நன்றாகவே திறந்துகொண்டது. சென்னைக்குப் போகத் தேவையில்லை. இடது கண் கதவுப் பக்கம், கனகவல்லி போன திசையில் இருந்தது. வலது கண் அவள் மேல் இருந்தது. அவள் பக்கெட்டோடு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அதுவும் கூடவே நகர்ந்தது.